புரொட்டெஸ்ட் ஆன மாற்றுண்டியலைத் தமிழில் என்ன சொல்வது?

> 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா வணிகர் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். 'பில் புரொட்டெஸ்ட் ஆகி வந்துவிட்டது' என்று அடிக்கடி வருகிறது. 'எதிர்ப்புச் சீட்டு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா.

'எதிர்ப்புச் சீட்டு' வேண்டாம். தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டனில் ஒட்டிய துண்டறிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். காலமும் இடமும் வேறு அதற்குத் தோதாக அமைந்து தொலைக்கிறது!

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். வர்ஜீனியாத் தோட்டக்காரர் புகையிலையை லண்டன் வணிகருக்கு அனுப்பி விற்கச் சொல்கிறார். விற்ற பணம் அங்கேயே அவர் கணக்கில் வரவாகிறது. ஊரில் யாருக்காவது பணம் தரவேண்டி வந்தால், 'இதைக் கண்ட 60 நாளில் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று லண்டன்காரர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தச் சீட்டுதான் பில், அதாவது உண்டியல். கப்பல் மூழ்கலாம் என்பதால் ஒரே உண்டியலை இரண்டு மூன்று படிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒரு படிக்குப் பணம் கொடுத்தாயிற்று என்றால் மற்றவை செல்லாது. வழியில் உண்டியல் கைமாறும். மாறும்போதெல்லாம் பின்புறம் ஒரு கையெழுத்து ஏறும்.

லண்டன்காரர் 'ஏற்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டால், உண்டியலை வைத்திருப்பவர் நோட்டரியிடம் போவார். நோட்டரி அதை மறுபடி காட்டிக் கேட்பார். மறுத்ததையும், சொன்ன காரணத்தையும் எழுதி முத்திரை வைத்துத் தருவார். புரொட்டெஸ்ட் என்பது அவ்வளவுதான், கோபமும் இல்லை, கோஷமும் இல்லை. அந்தத் தாளை வைத்துத்தான் பின்புறம் கையெழுத்திட்டவர்களையும், எழுதியவரையும் பிடிக்க முடியும். பல அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சட்டப்படி அசலோடு நட்ட ஈடும் சேரும்.

ஆகவே அந்தத் தாள் 'மறுப்புச் சான்று'. கடிதத்தில் 'உண்டியல் மறுப்புச் சான்றோடு திரும்பியது' என்று எழுதலாம். பில்லுக்கு நம் பாடநூல்களில் உள்ள 'மாற்றுச்சீட்டு' தப்பில்லை. எனக்கென்னவோ இலங்கையில் வழங்கும் 'மாற்றுண்டியல்' பிடித்திருக்கிறது. உண்டியல் நம் வணிகர்களின் பழைய சொல். முன்னால் 'மாற்று' இருப்பதால் கோயில் உண்டியலோடும் குழம்பாது.

> வெறும் 'திரும்பிய உண்டியல்' போதாதா? செக் திரும்பி வந்துவிட்டது என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்?

போதாது ஐயா. தோட்டக்காரர் கணக்கில் பணம் இல்லை என்றவுடன் லண்டன்காரர் மறுத்துவிடுவதில்லை. மறுத்தால் அடுத்த ஆண்டுப் புகையிலை வேறு வணிகரிடம் போய்விடும். அதனால் முனகிக்கொண்டே கொடுப்பார், கணக்கில் பற்று ஏறிக்கொண்டே போகும். ஜார்ஜ் வாஷிங்டனே 1764இல் தம் லண்டன் வணிகரான ராபர்ட் கேரி கம்பெனிக்குச் சுமார் 1,800 பவுண்டு பாக்கி வைத்திருந்தார். இந்த நம்பிக்கைக்கு அடியில் ஈடு ஒன்றும் இருந்தது. 1732ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி கடனுக்காகத் தோட்டக்காரரின் நிலத்தை மட்டுமல்ல, அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களையும் பிடித்து விற்கலாம். உங்கள் மொழிபெயர்ப்பில் 'சொத்து' என்று வரும் இடங்களில் இதை மறைத்துவிடாதீர்கள்.

1772 ஜூனில் லண்டன் வங்கியாளர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் ஓடிப்போனார். ஸ்காட்லாந்தில் அயர் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அப்புறம் கடனைக் கேட்டு வந்த கடிதங்களின் தொனியே மாறிவிட்டது. விடுதலைப் போர் முடிந்தும் இந்தப் பாக்கி தீரவில்லை. 1783 பாரிஸ் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவே இதற்காகத்தான். கடைசியில் 1802இல் அமெரிக்க அரசு 6 லட்சம் பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு முடித்தது.

சொல்லுக்கு வருகிறேன். மறுப்பையும் மறுப்புச் சான்றையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. சான்று எழுதிய பிறகு மூன்றாமவர் ஒருவர் முன்வந்து, எழுதியவரின் பெயர் கெடக்கூடாது என்று அந்த உண்டியலைத் தானே ஏற்கலாம். சான்று இல்லாமல் இது செல்லாது. 'திரும்பிய உண்டியல்' என்று மட்டும் போட்டால் இந்த வழக்கத்தைச் சொல்லவே முடியாமல் போய்விடும்.

இந்த ஏற்புக்கு 'மானங்காப்பு ஏற்பு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு 'நாணயங்காப்பு ஏற்பு' மேல் என்று படுகிறது. வணிகரின் மானம் அவர் நாணயத்தில்தானே இருக்கிறது. 'காப்பு' இல்லாமல் 'நாணய ஏற்பு' என்று சுருக்கினால் காசு வாங்குவது என்று ஆகிவிடும், அது கூடாது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.