டெப்ரி ஃப்ளோவுக்குத் தமிழ்ல என்ன பேரு? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

தேவிகுளத்துலருந்து:

எல்லாருக்கும் வணக்கம். தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்கு மழைக்காலப் பாதுகாப்புப் பாடம் ஒண்ணு எழுதிக் குடுக்கணும், மழையில கல்லும் சேறும் கலந்து ஓடை வழியாப் பாயுற டெப்ரி ஃப்ளோங்கிற எடத்துல மூணு நாளா முட்டிக்கிட்டு நிக்கிறேன். முன்னால வந்த ஒரு நோட்டீஸ்ல 'குப்பை ஓட்டம்'னு போட்டிருந்தாங்க. கிளாஸ்ல வாசிச்சதும் ஒரு பொண்ணு எந்திரிச்சு, "டீச்சர், அது லயத்துக்குப் பின்னால வேஸ்ட் கொட்டுற எடமா?"ன்னு கேட்டா. லயம்னா எஸ்டேட் தொழிலாளிங்களோட வரிசை வீடு. அவ வீடு ஓடையிலருந்து இருபதடிகூட இல்ல. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

நிலச்சரிவுன்னே போட்டாப் போதும்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. சரிவுன்னா மண்ணு விழுந்து அடிவாரத்துலயே கெடக்கும்னுதான் பிள்ளைங்க நெனைக்கும். இது அப்படி நிக்காது. மலைமடிப்புல பாறைக்கு மேல கெடக்குற மண்ணு மழைத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சு, உள்ள தண்ணியோட அழுத்தம் ஏறி, பிடி விட்டுக் கூழாகி ஓடையில எறங்கிரும், எறங்குன பெறகு ஓடையோட தரையையும் கரையையும் வாரிக்கிட்டே பெருசாகும். 2024 ஜூலை 30 வயநாட்டுல முண்டக்கைக்கு மேல சுமார் 1,550 மீட்டர் உயரத்துல பிச்சுக்கிட்டது 8 கிலோமீட்டர் வரைக்கும் ஓடுச்சு. மூணாறுப் பக்கம் எங்க பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயத்தோட 70 பேர் போனாங்க, அதுல பல பேர ஆத்தோட கீழ ரொம்பத் தூரம் போய்த்தான் எடுத்தாங்க. பேரைக் கேட்டதுமே 'ஓடை வழியா வரும்'னு பிள்ளைக்குத் தோணணும்.

இங்க ஜனங்க 'உருள் பொட்டிருச்சு'ன்னுதான் சொல்லுது. மலையாளத்து உருள்பொட்டல்தான். அப்படியே எடுத்துக்கலாமா?

செங்கோட்டையிலருந்து:

டீச்சரம்மா, பொட்டல் வேண்டாம். நமக்குப் பொட்டல்னா வெறுந்தரை, தெக்க எந்த ஊர்ல கேட்டாலும் பொட்டக்காட்டத்தான் கை காட்டுவாங்க. ஆனா உருள் மலையாளம்னு யாரும் தள்ளிராதீங்க. குறள் 667ல 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி'ன்னு வருதே, அதைவிட என்ன சாட்சி வேணும்? உருள்பெருக்குன்னு வைங்க. வினைத்தொகை: உருண்ட, உருள்கின்ற, உருளும் பெருக்கு. உருட்பெருக்குன்னு எழுதிராதீங்க. அருள் பெயர்ச்சொல், அதனால அருட்பா. இது வினையடி, வினைத்தொகையில ளகரம் மாறாது, உருள்பெருந்தேர்ல மாறலையே. இதே கையோட இன்னொண்ணு, நீர்ப்பிடிப்புப் பகுதின்னு நீட்டி எழுதுறத விட்டுட்டு 'ஏந்தல்'னு சொல்லலாமே, வர்ற தண்ணிய ஏந்துறதுதான ஏந்தல், ராம்நாடு பக்கம் எத்தனை ஊர்ப்பேர் அதுல முடியுது!

தேனி கூடலூர்லருந்து:

ஐயா, ஏந்தல்னா அங்க கண்மாய், தண்ணி நிக்கிற எடம். நாம பேசுறது தண்ணி வடியுற மேட்டைப் பத்தி. அதைக் கலக்க வேண்டாம்.

உருள்பெருக்கு இலக்கணத்துக்குச் சரி, ஆனா நடக்குறதுக்குப் பொருந்தல. உருண்டு வரல ஐயா, கலவை மெஷின்லருந்து கான்கிரீட் சரியுற மாதிரி கெட்டியா வருது. சேறு தண்ணியவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம், அதனாலதான் லாரி அளவு பாறையைக்கூடத் தூக்கிக்கிட்டு வருது. உருள்னா பிள்ளைங்க ஒத்தைக் கல்லு உருண்டு வர்றதத்தான் நெனைப்பாங்க, அதுக்குத் தனியா பாறை வீழ்ச்சி இருக்கு. என் கட்சி 'கற்சேற்றுப் பாய்வு'. கல், சேறு, பாய்ச்சல் மூணும் உள்ள இருக்கு.

வால்பாறையிலருந்து:

கற்சேற்றுப் பாய்வ ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கண்ணே. ராத்திரி மழையில கத்திச் சொல்ற வார்த்தையா அது? உருள்னா ஒத்தைச் சொல்லு, கத்தலாம். ஆனா பெருக்கும் எனக்கு ஒட்டல. பெருக்குன்னா ஆடிப்பெருக்கு, மஞ்சக்கயிறும் சித்ரான்னமும். பெட்டிமுடி போனதும் ஆடி மாசந்தான். அந்தச் சொல்லை இதுக்கு வைக்க மனசு வரல.

தேவிகுளத்துலருந்து:

வால்பாறை அக்கா சொன்னது நெஞ்சுல தச்சிருச்சு, ரெண்டு நாள் யோசிச்சேன். நேத்து கிளாஸ்ல பழைய தேயிலைத் தட்டுல மண்ணும் சரளையும் நெரப்பி, சாய்ச்சு வச்சு, பூவாளியால தண்ணி விட்டோம். மொதல்ல ஒண்ணுமே ஆகல. அப்பறம் மண்ணு பளபளன்னு ஊறி, சட்டுன்னு மொத்தமா நழுவுச்சு. பெரிய கல்லுதான் முன்னால வந்துச்சு, சேறு பின்னால தள்ளுச்சு, தட்டுக்கு வெளிய விசிறி மாதிரி பரவிருச்சு. கூடலூர் அண்ணன் சொன்னது சரிதான், உருளல. ஆனா இதுக்குப் பேரென்னன்னு கேட்டா இருபத்தாறு பிள்ளைங்களும் "உருள்"னுதான் கத்துச்சு.

நாலு பேர் தனியா எழுதுனதையும் சேத்தா உருள்பெருக்குப் பக்கந்தான் ஆள் ஜாஸ்தி. பாடத்துல இப்படிப் போடுறேன்: 'உருள்பெருக்கு: கல்லும் சேறும் ஓடை வழியாகப் பாய்ந்து வருவது, நம் ஊரில் உருள் பொட்டுதல் என்பர்.' அதுக்குக் கீழயே, ஓடைத்தண்ணி திடீர்னு கலங்குனாலோ, மழை நிக்காம பெய்யுறப்ப ஓடையில தண்ணி கொறஞ்சாலோ, ஓடையோட கீழ ஓடாம பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறணும்னு தடிச்ச எழுத்துல.

தேனி கூடலூர்லருந்து:

போடுங்க டீச்சர், வெள்ளிக்கிழமை நிக்காது. ஆனா என் பேர்ல மறுப்புன்னு குறிச்சு வைங்க. தண்ணி மண்ணுக்குள்ள குழாய் மாதிரி அரிச்சுக்கிட்டுப் போறதுக்கும் இன்னும் பேர் வைக்கல, அங்க 'உருள்' உதவாது.