செலவில்லாமல் தமிழில் பாட வீடியோ: எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

திரி தொடங்கியவர்:
கையில் ஒரு போன், பழைய லேப்டாப், விலை குறைந்த காலர் மைக். இதற்குமேல் காசு போடாமல் 10 நிமிடப் பாட வீடியோ செய்கிறவர்கள் எழுதுங்கள். ஒலி திருத்த ‘ஆடாசிட்டி நல்லது’, திரையைப் பதிய ‘ஓபிஎஸ் சூப்பர்’ என்று மட்டும் வேண்டாம். என்ன அளவு வைக்க வேண்டும், எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதுதான் தேவை.

ஒலிக்காரன்:
படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் இரைந்தால் அடுத்த நிமிடமே மூடிவிடுவார்கள். அதனால் முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்.

காலர் மைக்கின் பின்னைப் பாருங்கள். 2 கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கான டிஆர்எஸ். 3 இருந்தால் போனுக்கான டிஆர்ஆர்எஸ். டிஆர்எஸ் பின்னைப் போனில் செருகினால் பெரும்பாலும் போன் அதைக் கண்டுகொள்ளாது, எதுவும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். சோதிக்க எளிய வழி: பதிவு ஓடும்போது காலர் மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது சுரண்டல் காதைக் கிழித்தால் சரி. எங்கோ தூரத்தில் கேட்டால் இடையில் ஒரு மாற்றி அடாப்டர் போட வேண்டும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நின்றால் போதும். 0ஐத் தொட்டு வெட்டுப்பட்ட குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

ஆடாசிட்டியில் வரிசை முக்கியம். பதிவின் தொடக்கத்தில் பேசாமல் 5 விநாடி விடுங்கள். அந்த மௌனத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரைச்சல் மாதிரியை எடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து அதே கருவியை ஓட்டுங்கள். 12 டெசிபெல், உணர்திறன் 6 போதும். 24க்கு ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். இரைச்சலோடு சகர ஓசையும் போய்விடும். அடுத்து, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரசர். கடைசியில் மொத்த ஒலியளவைச் சீராக்கும் லவுட்னெஸ் நார்மலைசேஷன், மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் உரப்பின் அலகு), ஒற்றைத் தடமான மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக் போட்டு. கம்ப்ரசரை முதலில் போட்டால் இரைச்சல் பேச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். எடுத்து வைத்த மாதிரி அதற்குப் பொருந்தாது.

பழைய லேப்டாப்:
ஓபிஎஸ்ஸில் பதிவுக் கோப்பு வகையாக எம்பி4 வைக்காதீர்கள், எம்கேவி வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்கவே திறக்காது. அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. எம்கேவியில் அதுவரை பதிந்தது நிற்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் உள்ள கோப்பு வகையை மட்டும் மாற்றும் ரீமக்ஸ் மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

திரையைப் பிடிக்கும்போது வெறும் கறுப்பு வருகிறதா? இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் இது வழக்கம். விண்டோஸ் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸை மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிப்புக்கு மாற்றுங்கள். குரல் இடது காதில் மட்டும் கேட்டால், ஆடியோவின் மேம்பட்ட பண்புகளில் மோனோ பெட்டியை டிக் செய்யுங்கள்.

போனில் எடுத்த வீடியோவில் போகப் போக உதடும் குரலும் விலகும். ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) நிலையாக இல்லாததே காரணம். வீடியோ கோப்பை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 30, கான்ஸ்டன்ட் என்று மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

வடமராட்சியான்:
எழுத்துச் சிக்கலை ஒருவரும் தொடவில்லையே. எங்கள் பக்கத்தில் பழைய வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் பாமினியில் குவிந்து கிடக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிய எழுத்துரு. அதனால் யூனிகோடாக்கும் மாற்றியில் போடுமுன் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தெடுக்க வேணும். இல்லாவிட்டால் அவையும் தமிழாகிப் பிதற்றும்.

மாற்றிய பிறகு ஔகாரத்தைத் தேடிப் பாருங்கள். பாமினியில் ‘கௌரவம்’ என்பதன் முதல் எழுத்தும் ‘கெளிறு’ மீனின் தொடக்கமும் ஒரே மூன்று உருவங்கள்தான். மாற்றி ஊகித்துத்தான் போடும். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்து வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ௭, ககரத்துக்குப் பதில் ௧ இருப்பதும் இதே வகை. காணொளித் தலைப்பில் இது நடந்தால் பாடம் தேடலில் காணாமல் போகும்.

சில எடிட்டர்களில் கொம்பு தனியாக, கால் தனியாகச் சிதறும். அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். தலைப்பை லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலரில் அடித்து, படமாக ஏற்றுமதி செய்து எடிட்டரில் வையுங்கள். இரண்டும் திறந்த உரிமத்தில் உள்ளவை. லிப்ரே ஆபிஸில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறாவிட்டால், ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ பகுதியில் உள்ள எழுத்துருவை மாற்ற வேணும்.

துணைத்தலைப்பு:
ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர், இணையம் இல்லாமலே சொந்தக் கணினியில் ஓடும். தமிழுக்கு டைனி, பேஸ் என்ற அதன் சிறிய மாடல்கள் வீண். மீடியத்துக்கு மேல்தான் திருத்தக்கூடிய உரை வரும், பழைய லேப்டாப்பில் அது ஆமை வேகம். நீண்ட மௌனம் வந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். மௌனங்களை வெட்டிய பிறகு கொடுங்கள்.

அவசரத்துக்குக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு போதும். நிறுத்தற்குறிகளை மட்டும் கையால் போட வேண்டியிருக்கும். துணைத்தலைப்புக்கான எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஏஎன்எஸ்ஐ என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி ஆகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. விஎல்சி பிளேயரில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் கோப்பைச் சந்தேகிக்குமுன் துணைத்தலைப்பு எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

திரி தொடங்கியவர்:
அருமை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கரும்பலகை எழுத்து மங்குகிறதே, அதற்கு?

பழைய லேப்டாப்:
வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் மறுபடி சுருக்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள். அனுப்புமுன் ஹேண்ட்பிரேக்கில் 720பி, சராசரி வீடியோ பிட்ரேட் 500 கேபிபிஎஸ், டூ-பாஸ் (இரண்டு முறை ஓட்டிச் சுருக்குவது), ஆடியோ மோனோ 64. 10 நிமிடத்துக்கு 42 எம்பி அளவில் நிற்கும். ஸ்லைடும் குரலும் மட்டும் உள்ள பாடத்துக்கு இது தாராளம். கரும்பலகை முன் ஆள் நடமாடினால் 900 கேபிபிஎஸ் வேண்டும்.