நிறுத்தப்பட்ட உதவித்தொகையும் ஏற முடியாத சாய்தளமும்: யாரிடம், எப்படிக் கேட்பது?

வைகை வடகரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கிறேன். என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு கால்களும் செயல்படவில்லை. மருத்துவக் குழு அளித்த சான்றில் 80 விழுக்காடு பாதிப்பு என்று பதிவாகியிருக்கிறது. தேசிய அடையாள அட்டை, தனித்துவ அடையாள அட்டை இரண்டும் கையில் உள்ளன. பல ஆண்டுகளாக அவனது வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மாத உதவித்தொகை பொங்கலுக்குப் பிறகு திடீரென்று நின்றுவிட்டது. கணக்கில் எந்தக் குறையும் இல்லை என்று வங்கியில் சொல்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் இது வருவாய்த்துறையின் பொறுப்பு என்று திருப்பி அனுப்புகிறார்கள். நிறுத்தியதற்கான காரணத்தை எவரும் எழுத்தில் தரவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊராட்சியில் இ-சேவை மையம் இயங்கும் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அது செங்குத்தாக இருப்பதால், பின்னால் நின்று ஒருவர் தள்ளினாலும் சக்கர நாற்காலி ஏறுவதில்லை. என் தம்பி நாற்காலியைக் கீழேயே விட்டுவிட்டு, சான்றிதழ்கள் அடங்கிய பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தரையில் உள்ளங்கைகளை ஊன்றி ஏறுகிறான். முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் ஊரார் பார்க்க அப்படி ஏற வேண்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் யாரிடம் முறையிடுவது என்றும் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், மனு எந்த மேசைக்குப் போகிறதோ அந்த மேசைக்குரிய பாதிக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். ஆகவே முதலில் மனுக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தம்பியின் பாஸ்புக்கே போதும். மாதம் 1,500 ரூபாய் வரவாகியிருந்தால் அது பெரும்பாலும் வருவாய்த்துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வருவது. 2023 ஜனவரியில்தான் அந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டது. அதற்குப் பொறுப்பானவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். 2,000 ரூபாய் என்றால் அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை; அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரே பொறுப்பு. நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு: உயிருடன் இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று அளிக்காமல் விடுபடுவது, ஆதார் எண் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது, கள ஆய்வுக்கு வந்தவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து ‘முகவரியில் இல்லை’ என்று எழுதிவிடுவது. மூன்றாவது காரணத்தால் தகுதியுள்ள பலர் விடுபட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டில் பகல் நேரத்தில் ஆள் இல்லை என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

இரண்டு அலுவலகங்களும் உங்களை மாறி மாறி அனுப்புவதற்கு மருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் மனு அனுப்புங்கள். கேட்கும் தகவல் தம்மிடம் இல்லையென்றால், 6(3) பிரிவின்படி அவரே அந்த மனுவை ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மாற்றிய செய்தியை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். உங்களை அலையவிட அவருக்கு அதிகாரம் இல்லை. உதவித்தொகையை நிறுத்திய ஆணையின் நகல், அதற்கு அடிப்படையான கள ஆய்வு அறிக்கையின் நகல், ஆய்வு செய்த தேதி, ஆய்வு செய்தவரின் பதவி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்டால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். ஆவணத்தைக் கேட்டால் தர வேண்டும், அல்லது அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று எழுதித் தர வேண்டும். இரண்டில் எது வந்தாலும் உங்களுக்குப் பயன்தான். முப்பது நாள்களில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாள்களுக்குள் முதல் மேல்முறையீட்டைச் செய்துவிடுங்கள்.

அதோடு, நின்ற தொகையை நிலுவையுடன் வழங்கக் கோரும் தனி மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி இருபுறமும்:

சக்கர நாற்காலியில் மதுரை நகருக்குள் நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவன் நான். சாய்தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் சாய்தளம் என்ற பெயரில் கட்டப்படுவனவற்றில் பலவும் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைப்பதற்காகவே கட்டப்படுகின்றன. அளவுக் கணக்கு எளிமையானது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு புறமும் கைப்பிடி வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தித் திருப்புவதற்குச் சமதளம் வேண்டும். பல இடங்களில் சாய்தளம் நேராக வாசற்படியில் போய் முடிவதால், கதவைத் திறக்க ஒரு கையை எடுத்ததும் நாற்காலி பின்னோக்கி உருளத் தொடங்கும். சொந்தக் கையால் சக்கரத்தை உருட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நொடியின் பயம் தெரியும். நீங்கள் ஒரு டேப் எடுத்துத் தளத்தின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளந்து, அளவு தெரியும்படி படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘செங்குத்தாக இருக்கிறது’ என்று எழுதினால் அது உங்கள் கருத்து. அடி கணக்கில் எழுதினால் அதைப் பொறியாளரால் மறுக்க முடியாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 44-ஆவது பிரிவின்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குக் கட்டட அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று 45-ஆவது பிரிவு சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15(1) விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. எனவே ‘அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் தயவுகூர்ந்து தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வைகை வடகரை:

இருவருக்கும் நன்றி. பாஸ்புக்கில் 1,500 ரூபாய்தான் வரவாகியிருக்கிறது. சாய்தளத்தையும் அளந்துவிட்டேன்: தளத்தின் உயரம் இரண்டரை அடி, சாய்தளத்தின் நீளம் எட்டு அடிதான், முப்பது அடி இருந்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. ஆனால் கட்டடத்துக்கு முன்னால் பதினைந்து அடிக்கு மேல் இடமில்லை, அதற்கப்பால் சாலை. இடமில்லை என்று சொல்லி மறுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. கிராம சபையில் பேசினால் பயன் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

திருமங்கலத்து அம்மா:

அறிவுசார் குறைபாடுள்ள என் மகளுக்காக அலுவலகங்களில் ஏறி இறங்கிய அனுபவத்தில் எழுதுகிறேன், தம்பி. இடமில்லை என்பது சரியான பதில் ஆகாது. சாய்தளம் நேராகத்தான் போக வேண்டும் என்றில்லை. நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம், சுவரை ஒட்டிப் பக்கவாட்டிலும் கொண்டுபோகலாம். அதற்கு வரைபடம் போட்டுத் தருவது ஒன்றியப் பொறியாளரின் வேலை. பழைய சாய்தளத்தின் மதிப்பீட்டையும் எம் புக் (முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவீட்டுப் புத்தகம்) பக்கங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எட்டு அடிக்குத்தான் பணம் கொடுத்தார்களா, முப்பது அடிக்கா என்பது அதிலே தெரிந்துவிடும். பணியை நேரில் ஆய்வு செய்யும் உரிமையையும் அந்தச் சட்டம் நமக்குத் தருகிறது.

ஆட்சியரிடம் போவதற்கு முன் கிராம சபைக்குப் போங்கள் என்பதே என் கருத்து. இதில் முன்னே எழுதிய ஐயாவிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது முதல், கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை இல்லாமல் போய்விடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அடுத்து எது வருகிறதோ, அதற்கு முன்னதாகவே உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். ‘சாய்தளம் அமைக்கப்படும்’ என்று மட்டும் தீர்மானம் போட விடாதீர்கள். எந்த அளவில், எந்த நிதியிலிருந்து, எந்தத் தேதிக்குள் என்பதும் தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அதே படி இடர்தான். அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கூட்டமே அந்தக் கட்டடத்தில் நடந்தால், உங்கள் தம்பி உள்ளே வர முடியும் இடத்துக்கு மாற்றும்படி முன்கூட்டியே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க வழி செய்யும் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறின. நல்ல காரியம்தான், ஆனால் உறுப்பினர் வரட்டும் என்று இந்த வேலையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

தீர்மானத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால், சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். ஆவணங்களையும் அலுவலர்களையும் வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் நிலை வந்தாலும் செலவை நினைத்துக் கலங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள்.

இன்னொன்று: 75 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்கள் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு தொகையையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால், நிலுவை கைக்கு வந்த பிறகு மாற்றிக் கேட்பது நல்லது. எந்த மனுவிலும் அசல் சான்றை இணைக்க வேண்டாம், நகல் மட்டும் போதும். தனி வட்டாட்சியருக்கான மனுவை எழுதியதும், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.