பீமன் மட்டும் வெளியில் படுப்பான்

கல்திட்டை, அதாவது பலகைக்கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னம், தேடி அலைந்த கதையை எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். சரி, நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று எழுதுகிறோம். முதலில் என் பங்கு இது.

கிருஷ்ணகிரிப் பக்கம் போனபோது வழிகாட்டி என்று நான் கொண்டுபோனது, ராபர்ட் சீவெல் 1882-இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்லெச்சப் பட்டியலின் ஒளிநகல். மாவட்டம், தாலுகா, ஊர்; தாலுகாத் தலையூரிலிருந்து இத்தனை மைல், இந்தத் திசை; அங்கே இருப்பது இன்னது என்று ஒன்றிரண்டு வரி. அவ்வளவுதான். அதில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது, அப்போது எல்லாம் சேலம். (1965-இல் தர்மபுரி பிரிந்தது, 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி.) ஊர்ப்பெயர்களோ வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி அச்சாகியிருக்கும். நாலு தடவை வாய்விட்டுப் படித்தால்தான் அது தமிழா, தெலுங்கா, கன்னடமா என்பதே பிடிபடும்.

எப்படியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். டீக்கடையில் "இங்கே கல்திட்டை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். கடையில் பேச்சு நின்றுவிட்டது. "குவாரி எடுக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர். கிரானைட் வெட்டுகிற ஊரில் கல்லை விசாரித்துக்கொண்டு வருகிறவனை யார் நம்புவார்கள்? நியாயம்தான்.

அப்புறம் ஆடு ஓட்டி வந்த ஒரு பாட்டியிடம், நாலு பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடியிருக்குமே என்று கையால் கட்டிக்காட்டினேன். "பாண்டவருங்க வூடா? அத மொதல்லயே கேக்கறதுக்கென்ன சாமி" என்று ஆடுகளோடு என்னையும் ஓட்டிக்கொண்டு போனார்.

பாறை மேட்டில் ஏழெட்டு இருந்தன. பாதி சரிந்தவை. முழுதாக நின்ற ஒன்றின் கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்று படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான். உளிபட்ட விளிம்பு கைக்கு வழவழவென்றிருந்தது. பாட்டி கதை சொன்னார்: பாண்டவர்கள் வனவாசத்தில் மழைக்கு ஒதுங்கக் கட்டியதாம், அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போய் வருவார்களாம். பீமன் எப்படிப் போவான் என்று கேட்டேன். "அவன் வெளியதான் படுப்பான்" என்றார், யோசிக்கவே இல்லை. இது இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எடுத்த ஈமச்சின்னம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆடுகள் அதன் நிழலில் நிம்மதியாகப் படுத்திருந்தன. விட்டுவிட்டேன்.

*

இரண்டாவது பங்கு என்னுடையது. கேரளத்து மறையூரிலும் இதே கதைதான், பெயர் மட்டும் முனியறை. என்னிடம் இருந்தது ஒரு சுற்றுலாக் கையேடு. முனிவர்கள் தவமிருந்த அறைகள் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்குள் புகுந்து உட்கார்ந்து பார்த்தேன். நிமிர்ந்தால் மண்டை இடிக்கிறது. உங்கள் பாட்டியாவது பீமனுக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார், கையேடு எழுதியவர் உள்ளே எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: மேல்மூடியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் ஏறினார்கள்.

*

மூன்றாவது பங்கு என்னுடையது. உங்கள் இருவருக்காவது நிமிர்ந்து நிற்கிற கல். நான் போனது செங்கல்பட்டுப் பக்கம், கல்வட்டம் பார்க்க; அதாவது பழைய புதைகுழியைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக வைத்திருப்பது. அந்த வட்டாரத்துச் சானூரில் 1950-களின் தொடக்கத்தில் அகழாய்வு நடந்திருக்கிறது. அந்த அறிக்கையின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கல்வட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று மனப்பாடமே செய்துவைத்திருந்தேன். படத்தில் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டம். ஆனால் படம் மேலிருந்து பார்த்து வரைந்தது, நான் நின்றதோ வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற நீலப் பலகை இருக்கிறது, சின்னத்தைத்தான் காணோம். வெயிலில் முக்கால் மணி நேரம் சுற்றியிருப்பேன்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். "அண்ணா, நீங்க நிக்கிறதே அதுக்குள்ளதான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓர் உருண்டைக் கல்லின்மேல் ஏறினான். அதிலிருந்து அடுத்ததற்குத் தாவினான், அதிலிருந்து அடுத்தது. என்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் தாவி முடித்து, புறப்பட்ட கல்லிலேயே வந்து நின்றான்.