புதுப்பிப்பு: மகனின் கோபமும் மெத்தில்ஃபெனிடேட்டும்

ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து என் மகனின் கட்டுக்கடங்காத கோபத்தையும் தணிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டு மாதங்கள் கழித்து, கிருஷ்ணகிரியிலிருந்து இதை எழுதுகிறேன்.

மூளையில் டோபமின், நாரட்ரினலின் ஆகிய செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் இம்மருந்து, கவனத்துக்கு உதவும் அளவுக்கு உணர்ச்சிக் கொந்தளிப்புக்கு உதவாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆயினும், பென்சில் முனை ஒடிந்தால் நோட்டையே கிழித்தெறிபவன், சென்ற வாரம் ஒடிந்த முனையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஷார்ப்னர் எங்கேம்மா?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலைதான் கடினம். ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும் மதிய மாத்திரையின் வீரியம் இறங்கும்போது எரிச்சல் திரும்புகிறது. மருந்தே பயனற்றதோ என்று நான் அஞ்சியது தவறு, ஏனெனில் மருத்துவர் மாத்திரை வேளையை மாற்றியதும் அந்த எரிச்சல் குறைந்தது. பசி மந்தமாவதால், காலையில் மாத்திரைக்கு முன்பே ராகிக் களி ஊட்டிவிடுகிறேன்; எடையையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள்.