விடிலிக்குள் நின்ற எங்கள் ஆச்சி

உடன்குடிக் கருப்பட்டி என்றதும் பனை உச்சியில் இருக்கும் பனையேறியைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் தாத்தாவும் பனையேறிதான், அந்தப் பாடு சாதாரணப் பாடு இல்லை. ஆனால் தாத்தா இறக்கிக் கொடுத்தது பதனி, அதாவது பதநீர். அதைக் கருப்பட்டி ஆக்கியது ஆச்சி. அதை யாரும் பேசுவதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உடன்குடிக்குப் பக்கத்தில் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரம், பதனி காய்ச்சும் எங்கள் விடிலி இருந்தது. பனை ஓலை வேய்ந்த குடிசை, நடுவில் பெரிய அடுப்பு, அவ்வளவுதான். மாசி கடைசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ஆச்சிக்கு அதுதான் வீடு. விடியுமுன் தாத்தா மரம் ஏறப் போவார். ஆச்சி அதற்கும் முன்பே எழுந்து காவோலையும் உடைமுள்ளும் கொண்டுவந்து அடுப்பருகே போட்டிருப்பார்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பதனியை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது, வெயில் ஏறினால் புளித்துவிடும். அதனால் வந்ததும் பனை மட்டையடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடையில் வடிகட்டி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8, 10 லிட்டர் பதனியை வற்றக் காய்ச்ச வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த அடுப்பு முன்னால் மணிக்கணக்காக நிற்பதை நினைத்துப் பாருங்கள். பொங்கி வழியப் போகும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார், நுரை சட்டென்று அடங்கும். அதற்குள் எங்களைப் பார்த்து, “ஏட்டி, தள்ளி நில்லு, பாகு தெறிச்சா தோலோட போயிரும்” என்று ஒரு சத்தம். அவர் முழங்கைக்குக் கீழே பாகு தெறித்த தழும்புகள் வரிசையாக இருக்கும். நான் அவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

பதம் பார்ப்பதில் ஆச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. சிரட்டையில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டுவார். கரைந்தால் இன்னும் காய வேண்டும். உருண்டு நின்றால் உடனே இறக்கி, துடுப்பால் விடாமல் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றிவிடுவார். கொஞ்சம் பிந்தினாலும் கருகிவிடும், அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை, கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் அவர் கையில் பதம் தப்பி நான் பார்த்ததே இல்லை.

பாகில் சீனி கலந்தால் எடை கூடும் என்று ஒரு வியாபாரி வந்து சொன்னார். அந்த வருஷம் எங்களுக்குக் கடனும் இருந்தது. “பிள்ளைபெத்தவளுக்குக் கொடுக்கிற பண்டம்யா இது, அதுல கலப்படமா?” என்று கேட்டு ஆச்சி அவரை அனுப்பிவிட்டார். இன்று சந்தையில் பாதி சீனி கலந்த கருப்பட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்களுக்குப் பிடித்தது கூழ்பதனி. பச்சரிசியும் பாசிப்பயறும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பதனியிலேயே வேகவைத்து, ஆறியதும் ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார். பேரப்பிள்ளைகள் எல்லோரும் குடித்த பிறகுதான் அவர் வாயில் வைப்பார்.

புகை அவரை விடவில்லை. கண் மங்கியது, இருமல் வந்தது. கடைசி வருஷங்களில் பட்டணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போதும் கடையில் வாங்கிய கருப்பட்டியைக் கையில் கொடுத்தால் ஓரத்தைக் கடித்துப் பார்ப்பார். நல்ல கருப்பட்டியில் லேசாக உப்பும் சுண்ணாம்பும் நாக்கில் தெரிய வேண்டும் என்பார். வெறும் தித்திப்பாக இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைக்குக் காப்பி வேண்டாம் என்று அர்த்தம்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆச்சி இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! உங்கள் வீட்டிலும் விடிலியில் அடுப்பெரித்த ஆச்சியோ அம்மையோ இருந்தால் அவர்களைப் பற்றி எழுதுங்கள். எந்த ஊர், எப்படிப் பதம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.