ஆடிக் காற்றுக்குப் பிறகு டிஷ் ஆன்டெனாவில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது

சாரல்வாசி:
வணக்கம். தென்காசிக்கு அருகே எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. இதுவரை கனமழை நேரத்தைத் தவிர வேறு எப்போதும் தொல்லை கொடுத்ததில்லை. ஆடி பிறந்து காற்று வலுத்ததிலிருந்து, காலை ஒன்பது மணி வரை படம் தெளிவாக வருகிறது. பதினோரு மணிக்கு மேல் சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலி விக்கி, "நோ சிக்னல்" என்று நின்றுவிடுகின்றன. இருட்டிய பின் தானாகவே சரியாகிவிடுகின்றன. செட்டாப் பாக்ஸில் ஸ்ட்ரெங்த் 85 என்று அசையாமல் நிற்க, குவாலிட்டி மட்டும் 20க்கும் 45க்கும் இடையே ஆடுகிறது. கடைக்காரர் சொன்னபடி எல்.என்.பி.யையும் (டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் கருவி) புதிதாக மாற்றிவிட்டேன், பயனில்லை. தென்கிழக்கில் பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று காற்றில் ஆடுகிறது. அதுதான் மறைக்கிறதா?

கம்பியும் கருவியும்:
தென்னையைக் குற்றம் சொல்லும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. தென்காசியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 118 டிகிரித் திசையில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே நிற்கிறது. டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம் அதை மறைக்க வேண்டுமானால் நான்கு மீட்டருக்குள் நெருங்கி நிற்க வேண்டும். நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை, அதாவது எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வகை என்பதால் முகம் தாழ்ந்து எதிர்வீட்டைப் பார்ப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது பார்ப்பது அதைவிட மிக உயரத்தை. இந்தத் தோற்ற மயக்கத்தால் குற்றமில்லாத மரங்கள் பல வெட்டுப்பட்டிருக்கின்றன.

காலையில் நன்றாக இருந்து வெயில் ஏறியதும் கெடுவதைப் பார்த்தால், எனக்குக் கேபிள் நுனியைத் திருகி இணைக்கும் எஃப் கனெக்டர் மீதுதான் சந்தேகம். எல்.என்.பி.யிலிருந்து கேபிள் நேராகக் கீழே இறங்காமல், ஒரு வளைவு தொங்கி நீர் சொட்டும்படி விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் சாரல் நீர் கேபிளின் வழியே ஊர்ந்து கனெக்டருக்குள் புகுந்து, நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். சூடேறும்போது அந்த இணைப்பு நெகிழ்ந்து விட்டு விட்டுத் தொடும்.

தாமிரபரணிக்காரன்:
முன்னவர் தென்னையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. கனெக்டர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இணைப்பு விட்டு விட்டுத் தொடுமானால் ஸ்ட்ரெங்த்தும் சேர்ந்து விழவேண்டும். உங்களுக்கோ அது 85இல் அப்படியே நிற்கிறது. பல பாக்ஸ்களில் அந்த எண் எல்.என்.பி. உயிரோடிருப்பதையும் கேபிள் தொடர்ச்சியாக இருப்பதையும்தான் காட்டும். டிஷ்ஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் ஓரளவு காட்டும். செயற்கைக்கோளைச் சரியாகப் பிடித்திருக்கிறோமா என்பதைச் சொல்வது குவாலிட்டி ஒன்றே. பழைய ஆன்டெனாவைப் போலப் புள்ளி புள்ளியாக மங்கும் பேச்சும் இதில் இல்லை; ஒரு வரம்பு வரை முழுப்படம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த வரம்பின் விளிம்பில் நிற்பதால்தான் வலுக்குறைந்த அலைவரிசைகளில் வரும் சேனல்கள் முதலில் விழுகின்றன.

அண்ணாச்சி, உங்கள் ஊரில் பதினோரு மணிக்கு ஏறுவது வெயில் மட்டும்தானா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் அந்த நேரத்தில்தான் வலுக்கும். தென்கிழக்கு பார்த்த டிஷ்ஷின் முதுகில் அது முழு வீச்சில் அறையும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தால் பார்வை ஒரு டிகிரி விலகும். 36,000 கிலோமீட்டர் தொலைவில் அது 600 கிலோமீட்டருக்கும் மேல். கோள் இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது இடவலமாகத் திரும்பும் பிழை மூன்றில் ஒரு பங்குதான் பாதிக்கும். மேல்கீழாகச் சாயும் பிழையோ முழுதாகப் பாதிக்கும். ஆகவே முதலில் சாய்வு போல்ட்டைப் பாருங்கள்.

ஒருவரை டிவி முன் உட்கார்த்தி, கைப்பேசியில் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மாடியில் நின்று முதலில் கேபிளை மட்டும் அசையுங்கள். பிறகு டிஷ்ஷின் மேல் விளிம்பை இரண்டு விரலால் முன்னும் பின்னும் மெல்ல அழுத்துங்கள். எதற்கு எண் குதிக்கிறதோ அங்கேதான் நோய்.

இன்னொன்று. புது எல்.என்.பி.யை எந்தக் கோணத்தில் திருகி வைத்தீர்கள்? டெல்லிப் பக்கத்துக் காணொளியைப் பார்த்து வைத்திருந்தால் தவறு. அங்கு வேண்டிய திருப்பத்துக்கும் தென்காசியில் வேண்டியதற்கும் 30 டிகிரிக்கு மேல் வேறுபாடு உண்டு.

சாரல்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. கேபிளை அசைத்தபோது எண் அசையவில்லை. மேல் விளிம்பைச் சற்றுப் பின்னால் தள்ளியதும் கீழேயிருந்து என் மகள் "அறுபத்தெட்டு" என்று கூவினாள். சாய்வு போல்ட்டைக் கழற்றியபோது வாஷருக்கு அடியில் துருப்பிடிக்காமல் பளபளத்த ஒரு பிறை தெரிந்தது. பழைய நிலையிலிருந்து அது நழுவியிருப்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்.என்.பி.யை ஒரு காணொளியைப் பார்த்துத்தான் வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைச் சிறிது சிறிதாகத் திருப்பியதில் குவாலிட்டி 76 வரை ஏறியது. ஸ்ப்ரிங் வாஷர் போட்டு முறுக்கிவிட்டேன். நேற்றுப் பகல் முழுவதும் காற்று அடித்தும் படம் உடையவில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்ததில் லேசாகக் களிம்பும் இருந்தது. அதையும் வெட்டிப் புதிதாகப் போட்டு, கேபிளில் சொட்டு வளைவும் விட்டிருக்கிறேன்.

கம்பியும் கருவியும்:
களிம்பு இருந்தது என்ற அளவில் எனக்கு ஆறுதல். போல்ட் நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த ஆடியில் நழுவினால் பார்த்தவுடன் தெரியும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள் முற்பகல் 11 மணியையொட்டிச் சில நிமிடங்கள் படம் போனால் மட்டும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அப்போது கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும், தானே விலகிவிடும்.